ஏழு திருகும் ஒரு துண்டுச் சீட்டும்

மெல்லிசைக் குழுவில் பாடுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும், தபேலாக்காரருக்கு விசில் கிடைக்கும், திருகு திருகுகிறவளுக்கு "ஏம்மா, கரண்டு எப்ப வரும்?" என்ற கேள்விதான் கிடைக்கும்.

நான் அந்தத் திருகு திருகுகிறவள். பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம். சனி, ஞாயிறுகளில் காளவாசல் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் ஆசிலேட்டர் வாசிக்கிறேன். அது என்ன என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். பழைய வால்வு ரேடியோவைத் திருகும்போது ஒரு ஸ்டேஷனுக்கும் இன்னொரு ஸ்டேஷனுக்கும் நடுவில் 'குய்ய்ங்' என்று ஒரு சத்தம் வழுக்கிக்கொண்டு போகுமே, அந்தச் சத்தத்தைப் பிடித்து சுருதியில் நிற்க வைக்கிற பெட்டி. ஒரு காலத்தில் வெளிநாட்டில் சுவர் அளவுக்குப் பெட்டி பெட்டியாக அடுக்கி சிந்தசைசர் வாசித்திருக்கிறார்கள். அந்தச் சுவரிலிருந்து ஒரே ஒரு செங்கல்லை உருவியது போல, அதே பழைய பாணியில், புராஜெக்டுக்காக நானே சால்டர் பிடித்துச் செய்தது. கீபோர்டு மாதிரி கட்டை கிடையாது. அமுக்கினால் புல்லாங்குழல், அமுக்கினால் வயலின் என்ற கதையும் கிடையாது. முகத்தில் ஏழு திருகு. ஸ்தாயிக்கு ஒன்று, பெரிய சுருதிக்கு ஒன்று, மயிரிழை சுருதிக்கு ஒன்று, அலையின் வடிவத்துக்கு ஒன்று, அதன் அகலத்துக்கு ஒன்று, நடுக்கத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று. அவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

பழைய பாட்டுகளில் இழைகிற மாதிரி ஒரு விநோதச் சத்தம் வரும். அது இன்றைய கீபோர்டில் சரியாக விழாது. அதற்காகத்தான் குழுவின் உரிமையாளர் தவமணி அண்ணே என்னைச் சேர்த்துக்கொண்டார். மேடையில் அறிவிப்பாளரும் அவர்தான். முதல் சாமி பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவார். தபேலா, கிடார், ரிதம் பேடு, கீபோர்டு, மைக் செட், ஜெனரேட்டர் என்று வரிசையாகப் போகும். ஆமாம், ஜெனரேட்டர்! ஊரைத் தாண்டி நிற்கிற ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருப்பவருக்குப் பெயர் உண்டு. மேடையில் உட்கார்ந்து வியர்த்து ஊற்றுகிற எனக்குக் கிடையாது.

முதல் கச்சேரி முடிந்த கையோடு சண்டைக்குப் போனேன். "கருவிக்குப் பேர் தெரியாம ஆளுக்குப் பேர் எப்படிப் பாப்பா சொல்றது? ஆசிலேட்டர்னு மைக்ல சொன்னா ஆஸ்பத்திரி மெஷினுன்னு நெனைப்பாங்க" என்றார். இருபத்திரண்டு வயதில் பாப்பா! அதற்குத் தனியாக ஒரு சண்டை போட்டேன். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: "ஜனங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'அது யாரு வாசிக்கிறது'ன்னு கேக்கட்டும். அடுத்த நிமிசம் ஒன் பேரை நானே மைக்ல சொல்றேன்."

செய்த வேலையைத் தன் பெயரில் எழுதிக்கொள்ள அடுத்தவர் அனுமதிக்காகக் காத்துக்கிடந்த அன்பர்களே, இது உங்களுக்கு.

நிற்கவே நிற்காது

ஆசிலேட்டருக்கு ஒரு குணம் உண்டு. கரண்டு கொடுத்த நொடியில் கத்த ஆரம்பிக்கும். பிடுங்குகிற வரை நிறுத்தாது. கீபோர்டில் விரலை எடுத்தால் சத்தம் போய்விடும். இதிலோ ஏழாவது திருகை மூடி வாயைப் பொத்தலாம், அவ்வளவுதான். பொத்தினாலும் உள்ளே கத்திக்கொண்டேதான் இருக்கும். என் சுபாவத்துக்கு ஏற்ற கருவி என்று எங்கள் வகுப்பில் பேச்சு. அதை நான் மறுக்கவில்லை.

காளவாசல் மண்டபம் ஒன்றில் என் முதல் வரவேற்புக் கச்சேரி. ஏழாவது திருகை மூட மறந்துவிட்டு பிளக்கைச் செருகினேன். ஆறடி ஸ்பீக்கர் நான்கிலும் 'வீஈஈ' என்று ஒரே இழுப்பு. முதல் வரிசை காதைப் பொத்தியது. மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார். பந்தியில் பாதிப் பேர் இலையோடு வாசலைப் பார்த்தார்கள். நான் பாய்ந்து திருகை மூடினேன். எங்கள் கீபோர்டுக்காரர் சாந்தாராம் அண்ணே நிதானமாக என் பக்கம் திரும்பினார். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். தாளத்தையும் அதிலேயேதான் முணுமுணுத்து எண்ணுவார். பாட்டு நோட்டில் ஸ்வரங்களைப் பச்சை மையில் மட்டும் எழுதுவார். நீல மையில் எழுதினால் மளிகைச் சிட்டை மாதிரி இருக்கிறதாம். அன்று அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்:

"என் கீபோர்டுல எரநூறு டோன் இருக்கும்மா. அதுல ஒண்ணு பேரு மௌனம்."

ஃபேன் உபசாரம்

திருப்பரங்குன்றத்தில் சித்திரை மாதக் கல்யாணம். மண்டபம் அடுப்பு மாதிரி இருந்தது. என் பெட்டிக்குள் இருக்கிற டிரான்சிஸ்டர்கள் சூடானால் சுருதி இறங்கும், குளிர்ந்தால் ஏறும். பழைய பாணி என்றால் அந்தத் தொல்லையும் சேர்த்துத்தான். அதனால் அரை மணி நேரம் முன்னாடியே கரண்டு கொடுத்து, உள்சூடு ஒரு நிலைக்கு வந்த பிறகு மயிரிழைத் திருகைத் தொட்டுத் தொட்டு சுருதி சேர்ப்பேன். அன்றும் அப்படியே சேர்த்து முடித்து நிமிர்ந்தேன். பெண் வீட்டுக்காரர் ஒருவர், "பாவம், பொம்பளப்பிள்ளை வேர்த்துக் கொட்டுது" என்று ஒரு ஸ்டாண்டு ஃபேனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, தலையாட்ட விட்டுவிட்டுப் போய்விட்டார். மேடையில் ஒன்பது ஆண்களும் நனைந்த கோழியாக உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் வேர்க்காதா? நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

ஃபேன் என் பக்கம் திரும்பும், சுருதி ஏறும். அந்தப் பக்கம் போகும், இறங்கும். நான் மூன்றாவது திருகைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடுகிறேன். கயிற்றை அறுத்துக்கொண்ட கன்றுக்குட்டியைத் துரத்துவது போல ஒரு பாட்டு முழுக்க ஓடினேன். பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் சத்தமாகச் சொன்னார்: "கமகம்னா இது. மத்ததெல்லாம் தட்டையா இருக்கு." எனக்குத் தலைகால் புரியவில்லை. தவமணி அண்ணேயிடம் ஓடி, "கேட்டீங்களாண்ணே? ஜனங்கள்ல ஒருத்தர்!" என்றேன். "அவரு கேக்கல, சொன்னாரு" என்றார். கேட்பதற்கும் சொல்வதற்கும் என்ன வித்தியாசம் என்று சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் வாதாடினேன். பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்:

"அவரு பாராட்டினது ஃபேனைப் பாப்பா. வேணும்னா ஃபேன் பேரை மைக்ல சொல்றேன்."

ரெண்டு ஃபேஸ்

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு காதுகுத்து. சுற்றிலும் வயல், தென்னை, கிணறு. எனக்கு அன்று ஒரே உற்சாகம். முதல் திருகை அடி ஸ்தாயிக்கு இறக்கி, நான்காவதைச் சதுர அலைக்குத் தள்ளி, ஐந்தாவதைக் கொஞ்சம் குறுக்கினால் ஒரு உறுமல் வரும். தரை அதிரும். வயிற்றுக்குள் கேட்கும். ஒரு துள்ளல் பாட்டின் ஆரம்பத்தில் அதைப் போடலாம் என்று சண்டை போட்டு அனுமதி வாங்கியிருந்தேன். போட்டேன். ஆறாவது திருகால் லேசாக நடுக்கமும் கொடுத்தேன். அடடா!

மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். இரண்டு பேரும் வரப்பில் இறங்கி ஓட்டமாக ஓடினார்கள். என் இசை இரண்டு விவசாயிகளை இப்படி ஓட வைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தார்கள். ஒருவர் நேராக மேடைக்கு வந்து என் பெட்டியை உற்றுப் பார்த்தார். விஷயம் இதுதான்: மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் கிணற்று மோட்டார் இப்படித்தான் உறுமுமாம். உடனே நிறுத்தாவிட்டால் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கருகிவிடுமாம். இரண்டு பேரும் ஓடிப்போய் ஓடாத மோட்டாரை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபமே இல்லை. கண்ணை மூடி இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார். தலையை ஆட்டினார்.

"அச்சு அசலா ரெண்டு ஃபேஸுதேன். ஏத்தா, அடுத்த வாட்டி வாசிக்கிறதுக்கு முன்னாடி ஊருக்குள்ள ஒரு தண்டோரா போட்டிரு."

பெரியப்பா

ஒரு புதன்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையோடு சாந்தாராம் அண்ணே எங்கள் டிபார்ட்மெண்ட் வாசலில் நின்றார். பஸ் பிடித்து வந்திருக்கிறார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். எங்கள் பல்கலைக்கழகம் இருக்கிற இடத்துக்கு யாரும் சும்மா வரமாட்டார்கள். ரம்பம், சதுரம், முக்கோணம் என்று நான் எந்நேரமும் சண்டை போடுகிறேனே, சத்தத்துக்கு ஏது மூலை என்று பார்க்க வந்தாராம்.

லேபில் பெட்டியை ஆசிலோஸ்கோப்போடு இணைத்தேன். பச்சைத் திரையில் அலை எழுந்தது. நான்காவது திருகைத் திருப்பத் திருப்ப வழுவழுவென்று மலை, பிறகு முக்கோணம், பிறகு ரம்பப் பல், பிறகு கோட்டைச் சுவர். கண்ணும் காதும் ஒன்றாக மாறுவதைப் பார்த்து அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நான் திருகலாமா?" என்றார். ஒரு மணி நேரம் என்னைக் கிட்டவே விடவில்லை. ஐந்தாவது திருகைத் திருகினால் கோட்டைச் சுவர் குறுகிக் குறுகி, கடைசியில் குச்சி மாதிரி ஆகும். சத்தமும் மெலிந்து மகுடி போல மூக்கால் பேசும். அதை முன்னும் பின்னுமாகத் திருகிப் பார்த்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இது எங்க பெரியப்பாம்மா! சக்கரை வந்து இளைச்சதுலேர்ந்து அப்படியே இதே கொரல்லதான் பேசுறாரு."

பொட்டு

இதுதான் முக்கியமான சம்பவம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு குறிப்பிட்ட பழைய பாட்டின் ஆரம்ப இழைப்பு எனக்கு மூன்று மாதமாகச் சிக்கவில்லை. ஏழு திருகும் ஏழு இடத்தில் சரியாக நிற்க வேண்டும். ஒன்று தப்பினால் கொசு, இன்னொன்று தப்பினால் ஆம்புலன்ஸ். கீபோர்டு என்றால் பிடித்த டோனைச் சேமித்து வைக்கலாம். என் பெட்டிக்கு ஞாபகமே கிடையாது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஒத்திகையில் அந்தச் சத்தம் தானாக வந்து நின்றது! அப்படியே பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு, "தொடாதே" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அளவுகளை மறுநாள் வந்து குறித்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

மறுநாள் வந்தால், தவமணி அண்ணே எல்லாக் கருவிக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தார். என் பெட்டியில் ஏழு திருகுக்கும், ஒவ்வொன்றின் உச்சியிலும், மேல் விளிம்பில், சந்தனம், அதன்மேல் குங்குமம். திருகைச் சுற்றி நான் எழுதியிருந்த எண்கள் மேல் சந்தனம் வழிந்து காய்ந்து கிடந்தது. "தொடாதே" தாளுக்கும் ஒரு பொட்டு. எனக்கு வந்த கோபத்தில் விஞ்ஞானம், மூட நம்பிக்கை, திருகுக்குள் சந்தனம் இறங்கினால் என்ன ஆகும் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். அவர் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டே, "சாமி கும்புடுறதுக்கு சர்க்யூட் படம் கேப்ப போல" என்றார். கோபத்தோடு கோபமாக, எண்கள் மேல் வழிந்த சந்தனத்தை மட்டும் சுரண்டி அளவுகளைக் குறிக்கப் பார்த்தேன். எண்கள்தான் சந்தனத்தோடு உரிந்து வந்தன. அதற்குள் ஒத்திகை ஆரம்பித்து வேறு பாட்டுக்காகத் திருகுகளைத் திருப்ப வேண்டியதாயிற்று. போச்சு. மூன்று மாத உழைப்பு போச்சு.

அந்த மாதக் கடைசி ஒத்திகையில் அந்தப் பாட்டு வந்தது. நான் திருகித் திருகித் தேடுகிறேன். கொசு, ஆம்புலன்ஸ், கொசு. சாந்தாராம் அண்ணே முகத்தைச் சுளித்தார். அவருக்கு எதுவும் வரிசையாக இருக்க வேண்டும். "ஏம்மா, ஒரு பொட்டு இந்தப் பக்கம், ஒரு பொட்டு அந்தப் பக்கம்னு கோணிக்கிட்டு நிக்குது. பாக்கவே சகிக்கல. எல்லாத்தையும் நேரா வைம்மா." அவர் வாயை அடைக்க ஏழு திருகையும் வெடுக் வெடுக்கென்று திருப்பிப் பொட்டையெல்லாம் உச்சிக்குக் கொண்டுவந்தேன்.

அந்தச் சத்தம் வந்து நின்றது. மயிரிழைத் திருகை மட்டும் லேசாகத் தொட்டேன். அதே இழைப்பு! அன்று நான் விட்டுவிட்டுப் போன நிலையிலேயே, ஒவ்வொரு திருகுக்கும் உச்சியில் பொட்டு வைத்திருக்கிறார் மனிதர். பொட்டு நேராக இருந்தால் திருகும் அன்றைய இடத்தில் இருக்கும். நான் பெட்டியின் மேல் குனிந்து ஏழு பொட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சாந்தாராம் அண்ணே கீபோர்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஞாபகமே கெடையாதுன்னியே? இருக்கேம்மா. நெத்தியில எழுதி வச்சிருக்கே!"

நகத்துக்கு வாங்கியது

சந்தனம் எத்தனை நாள் தாங்கும்? கார்த்திகைக்குள் உதிர ஆரம்பித்தது. பழங்காநத்தம் வளையல் கடையில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒன்று வாங்கி, ஒவ்வொரு பொட்டும் இருந்த இடத்திலேயே அச்சாக ஒரு புள்ளி வைத்தேன். யாருக்கும் தெரியாமல்தான் வைத்தேன். மூட நம்பிக்கையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவளுக்கு மானம் இருக்காதா? அடுத்த சனிக்கிழமை தவமணி அண்ணே பெட்டியைத் துடைக்கப் போனவர் விரலால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. முகர்ந்தும் பார்த்தார். பிறகு குழு மொத்தத்தையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்கப்பா, நான் ஒரு நாளைக்குத்தேன் வச்சேன். பகுத்தறிவு அழியாம வச்சிருக்கு."

சீட்டு

தை மாதம். பழங்காநத்தத்தில், எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு கல்யாண வரவேற்பு. தெரிந்த முகங்கள் எல்லாம் வந்திருந்தார்கள். அறிமுகம் நடந்தது. தபேலா, கிடார், பேடு, கீபோர்டு, மைக் செட், ஜெனரேட்டர். முடிந்தது. எங்கள் தெரு அக்கா ஒருத்தி கீழேயிருந்து, 'நீ எதுக்கு அங்க உக்காந்திருக்க?' என்று கையால் கேட்டாள். என் காது சுட்டது. அதுவும் ஜனங்களின் கேள்விதான். ஆனால் சைகை செல்லாது என்பார் தவமணி அண்ணே. அவரை எனக்குத் தெரியாதா!

இடைவேளையில் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் வீடியோக்காரர் என் பெட்டிமேல் கவிந்து நின்றார். லைட்டைப் பிடித்துக்கொண்டு, திருகுகள் சுற்றுவது படத்தில் அழகாக இருக்கும் என்று ஏழையும் அவர் பாட்டுக்குச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார். "சூப்பரா வந்திருக்கும்மா" என்றார். அடுத்த பாட்டு எது என்று நினைக்கிறீர்கள்? அதேதான். சாந்தாராம் அண்ணே ஏற்கெனவே எண்ண ஆரம்பித்துவிட்டார். எட்டு எண்ணிக்கையில் என் இழைப்பு வர வேண்டும்.

ஒன்று, இரண்டு, மூன்று. திட்டுவதற்கு நேரம் இல்லை. நான்கு, ஐந்து. பொட்டு உச்சிக்கு, பொட்டு உச்சிக்கு, பொட்டு உச்சிக்கு. ஆறு. ஏழாவது திருகு. எட்டு. மயிரிழையைத் தொட்டேன். மண்டபம் முழுக்க அந்தச் சத்தம் எழும்பி, வளைந்து, இறங்கிப் பாட்டுக்குள் போய் உட்கார்ந்தது. பெரிய சுருதித் திருகைப் பிடித்த என் கை தானாக இழைத்துக்கொண்டு போகிறது. பந்தியில் பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு எட்டிப் பார்க்கிறார். பாட்டு முடிந்ததும் விசில்! எங்கள் தெரு அக்காதான் முதல் விசில்.

எங்கள் கச்சேரிகளில் ரசிகர்கள் விருப்பப் பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். தவமணி அண்ணே சீட்டை முன்கூட்டிப் படித்துப் பார்க்கமாட்டார். பிரித்த கையோடு மைக்கில் படித்துவிடுவார். அன்று வந்த சீட்டுக் கட்டில் மேலே இருந்ததைப் பிரித்தார். "இப்போது... அந்த இழைப்பை வாசித்தது யார்? அவர் பெயரைச் சொல்லவும். இப்படிக்கு, ஒரு ரசிகர்." படித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று புரிந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். மைக்கைப் பொத்திக்கொண்டு, "இது ஒன் கையெழுத்துதானே?" என்றார். "சத்தியமா இல்லண்ணே!" என்றேன். ஜனம் காத்திருந்தது. வாக்கு வாக்குதான். தொண்டையைச் செருமினார். "ஆசிலேட்டர்... நம்ம பழங்காநத்தம், வாசுகி!" கைதட்டல். எம்.எஸ்ஸி. என்பதை ஏன் விட்டுவிட்டார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சீட்டுகள் வர ஆரம்பித்துவிட்டன. மூன்று பேர் அதே இழைப்பை மறுபடி கேட்டார்கள். ஒருவர் ஆம்புலன்ஸ் சத்தம் வருமா என்று கேட்டிருந்தார்.

அந்த முதல் சீட்டை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள வாங்கிப் பார்த்தேன். பச்சை மை.

நான் வாதாடப் பிறந்தவள். நிபந்தனை ஜனங்கள் கேட்க வேண்டும் என்பது. இது செல்லுமா, செல்லாதா என்று ஒரு இரவு முழுக்கப் பேச எனக்கு விஷயம் இருந்தது. சீட்டைச் சாந்தாராம் அண்ணே முன்னால் நீட்டினேன். அவர் நோட்டைப் புரட்டி அடுத்த பாட்டின் ஸ்வரங்களைத் தேடுவது போலத் தேடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"ஏம்மா, நான் ஜனம் இல்லையா?"

ஆக, ஏழு திருகையும் எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. வாயை எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்றுக்கொள்ள, சீட்டை மடித்துக் கைப்பையில் போடுகிற நேரம் போதுமாயிருந்தது.